மில்லிகன் டால்டனின் 'குகை ஹோட்டல்': போய்ப் பார்க்கலாம், தங்க முடியாது

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்குத் தெற்கே, பாரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்தக் குகை. லண்டன் இன்சூரன்ஸ் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு வந்து கோடைக் காலங்களில் இங்கே குடியிருந்தவர் மில்லிகன் டால்டன் (1867–1947). தானே தைத்த அரைக்கால் சட்டை, இறகு செருகிய தொப்பி. சைவம்; மது தொடமாட்டார்; சிகரெட்டையும் கடுங்காப்பியையும் மட்டும் விடமாட்டார். 'சாகசப் பேராசிரியர்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, மலையேற்றம், மரமேற்றம், தெப்பப் பயணம் என்று ஆட்களை அழைத்துப் போனார். குகைக்கு 'குகை ஹோட்டல்' என்று பெயரும் வைத்தார். ஆகவே ஹோட்டலாகவே மதிப்பிடுவோம்.

வழி கண்டுபிடிப்பதுதான் சிரமம். கெஸ்விக் ஊரிலிருந்து 78ஆம் எண் பஸ்ஸில் வந்து கிரேஞ்ச் பாலத்தில் இறங்குங்கள். ஊரைத் தாண்டி ஆற்றோரமாகத் தெற்கே நடக்கையில் டெர்வென்ட் ஆறு இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: வலப்பக்கம் ஏறினால் குகையை விட்டுவிட்டு காஸில் கிராக் குன்றைச் (290 மீட்டர்) சுற்றிப் போய்விடுவீர்கள். ஆற்றை விடாமல் காட்டுக்குள் நடந்து, வலப்புறச் சரிவில் உடைகல் குவியல் தெரிந்ததும் மேலேறும் ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். காகித வரைபடம் வேண்டும்.

இது இயற்கைக் குகை அல்ல, கைவிடப்பட்ட ஸ்லேட் குவாரி. காலடியில் கிடப்பதெல்லாம் பலகைபோல் தட்டையான கல் சில்லுகள், மழையில் நனைந்தால் வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறுவது விபத்தை விலைக்கு வாங்குவது. கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் அவசியம்.

கீழ்க்குகை விசாலமானது, வெளிச்சமும் உண்டு. அதற்கு மேலே இருப்பதைத்தான் டால்டன் 'பரண்' என்று அழைத்தார். அதன் வாசல் பாறையில், 'வார்த்தையை வீணாக்காதே, அவசரப்பட்டு முடிவுக்கு வராதே' என்ற பொருளில் ஆங்கில வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து மங்கல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் படிக்கலாம். வந்தவர்கள் இதைப் பார்க்காமலே திரும்புவதுதான் பரிதாபம்.

அறை வசதி என்றால், கூரையிலிருந்து சொட்டும் நீரே அவருக்குக் குழாய், காய்ந்த பெரணியே மெத்தை. பக்கத்திலுள்ள சீத்வெய்ட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பொதுவாகக் குளிர்காலத்தை பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு குடிசையில் கழித்தவர், இரண்டாம் உலகப்போரின்போது குளிரிலும் இங்கேயே இருந்திருக்கிறார். மெழுகுவத்தியை அணைக்கச் சொல்லி வான்தாக்குதல் காவலர் வந்ததாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

நீங்கள் அவரைப்போல இரவு தங்க நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பதோ நெருப்பு மூட்டுவதோ கூடாது. ஆற்றோரமாகவே ரோஸ்த்வெய்ட் வரை நடந்தால் அங்கும் அதே பஸ் கிடைக்கும். கடைசி பஸ் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், கெஸ்விக்கிலேயே நேரம் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.