ஒற்றை பர்னர் காஸ் உலை: மலைநாட்டு உயரத்துக்குத் தாங்குமா?

வீட்டுப் பின்புறத்தில் கத்தி அடிக்கும் பட்டறை போட நினைக்கிறவர்களுக்கு இணையக் கடைகளில் இப்போது அதிகம் காட்டப்படுவது ஓர் இரும்பு உருளை. நான்கு கால், மேலே ஒரு முக்கால் அங்குல வென்சூரி பர்னர், உள்ளே செராமிக் பஞ்சு, ஒரு ரெகுலேட்டர், கொஞ்சம் குழாய். பெயர் கடைக்குக் கடை மாறும், உடம்பு ஒன்றுதான். அதனால் இந்த மதிப்புரை எந்தக் கம்பனியையும் பற்றியதல்ல, அந்த உடம்பைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்டி, பதுளை உயரத்தில் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் என்றால் உருளையையும் பஞ்சையும் நம்பி வாங்கலாம், ஆனால் ஜெட்டையும் (பர்னருக்குள் காஸ் பாயும் சிறுதுளை முனை) ரெகுலேட்டரையும் மாற்றச் சோம்பல்படுகிறவர் வாங்க வேண்டாம். காசைக் கரியாக்குவதற்குச் சிரட்டைக்கரியே மலிவு. உலையின் விலையை எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து ஆடுகிற விலை வாசிக்கும் நேரத்தில் பொய்யாகிவிடும்.

அளவைப் பார்ப்போம். பஞ்சு போர்த்தியபின் உள்விட்டம் 150 மில்லிமீற்றர், நீளம் 300 மில்லிமீற்றர் என்றால் உள்ளே ஐந்து லீற்றருக்குச் சற்று மேல் இடம் இருக்கும். ஒரு முக்கால் அங்குல பர்னர் தாங்கும் அளவும் ஏறத்தாழ அதுதான். விற்பவர் பெரும்பாலும் வெளிவிட்டத்தைத்தான் போடுவார், கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் ஒரு சின்னத் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி போன்ற நீண்ட அலகை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சீராகச் சூடாக்க முடியும், ஏனென்றால் நன்றாகச் சுடும் பகுதி பர்னருக்கு நேர் கீழே ஒரு சாண் அளவுக்குள்தான். இரண்டு பர்னர் வைத்த நீள உலை பார்க்க ஆசையாக இருக்கும். சமையல் கத்தியும் தோட்டக் கத்தியும் அடிக்கிறவருக்கு அது காஸைக் குடிக்கும் யானை.

பெட்டிக்குள் வரும் பஞ்சு 25 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு சுற்று. நல்லதுதான். ஆனால் பூச்சு எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைப் பஞ்சாகவே அனுப்புகிறார்கள். அப்படியே பற்றவைக்கக் கூடாது. இழைகள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். 1000 பாகைக்கு மேல் நெடுநேரம் சுட்டால் அதில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா உருவாகும், அது இன்னும் மோசம். பஞ்சைத் தொடும்போதெல்லாம் குறைந்தது ஓர் என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை. முதலில் கொலாய்டல் சிலிக்காவை (நுண்ணிய சிலிக்காத் துகள் கலந்த நீர்) தெளித்து, மெல்லிய சூட்டில் காயவைத்தால் பஞ்சு மேலோடு இறுகும். அதன்மேல் 1500 பாகைக்கு மேல் தாங்கும் ரிஃப்ராக்டரிச் சிமெந்தை, அதாவது உலைச் சிமெந்தை, 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பில் பூச வேண்டும். அடித்தளத்துக்கு மட்டும் அலுமினா கூடிய வகையில் 12 மில்லிமீற்றர். இரும்பை ஒட்டுவதற்கு வெண்காரம் போடுகிறவர்கள் இந்த அடித்தளத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. உருகிய வெண்காரம் செராமிக் பஞ்சில் பட்டால் சீனியில் வெந்நீர் விட்டமாதிரிக் குழி விழும்.

தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் அடுப்பைத் திருத்தும் மேசன்மாரைக் கேட்டால் பயர் பிரிக்கும் அதற்குரிய சிமெந்தும் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். அந்தக் கனமான கல்லை உலைக்குள் சுற்றிவர அடுக்கிவிடாதீர்கள். அது சூட்டைத் தடுக்கிற கல் அல்ல, உறிஞ்சுகிற கல். முன்வாயை மறைக்க இரண்டு துண்டு போதும்.

இங்கே பலருடைய உலை கெடுவது பூசியபிறகுதான். சிமெந்து ஒரு நாள் ஈரத்துணியின் கீழ் இறுக வேண்டும், அதன்பிறகு உள்ளீரம் முழுவதும் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் கொடியில் போட்ட துணியே காயாது. உலைக்குள் ஒரு 60 வாட் பழைய இழை பல்பை எரியவிட்டு இரண்டு இரவு வையுங்கள். பிறகு பர்னரை இரண்டு மூன்று நிமிடம் மட்டும் எரித்து அணைத்து ஆறவிடுங்கள். அடுத்த தடவை கொஞ்சம் கூட. உலைவாய்க்கு முன்னால் ஒரு குளிர்ந்த இரும்புத் தகட்டைப் பிடித்துப் பாருங்கள், ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு முழுச் சூடு கொடுத்தால் உள்ளே நீராவி அடைத்து, கூரைப் பூச்சு ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் உரிந்து பழுத்த அலகின்மேல் விழும்.

இனிப் பர்னர். உலை தன் பெயரைக் கெடுத்துக்கொள்வது இதில்தான். வென்சூரி பர்னருக்கு மின்விசிறி கிடையாது, ஜெட்டிலிருந்து பாயும் காஸே காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஹட்டனில் எட்டில் ஒரு பங்கு போல. அதோடு, பர்னர் பெரும்பாலும் சுத்தப் புரொப்பேனை மனதில் வைத்துச் செய்தது. நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 2021 கடைசியில் இலங்கையில் காஸ் சிலிண்டர் வெடிப்புச் சம்பவங்கள் நடந்தபோது நாடே இந்த விகிதத்தைப் பற்றித்தான் பேசியது. ஒரு பங்கு புரொப்பேன் எரிய 24 பங்கு காற்று போதும், பியூட்டேனுக்கு 31 வேண்டும். காற்று குறைவு, தேவை கூட. விளைவு, உலைவாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நாக்கு வெளியே நீளும். பார்க்கிறவர் நல்ல சூடு என்று நினைப்பார். உண்மையில் காஸ் வெளியே வந்து எரிகிறது, உள்ளே இரும்பு செம்மஞ்சளைத் தாண்டாது.

சரிக்கட்ட வழி இருக்கிறது. சிறிய ஜெட், கூடிய அழுத்தம். துளை சிறிதானால் அதே காஸ் வேகமாகப் பாய்ந்து, தன் எடைக்குக் கூடுதலான காற்றை இழுக்கும். பெரும்பாலான பர்னரில் ஜெட்டாக இருப்பது ஒரு மிக் வெல்டிங் டிப், அதாவது வெல்டிங் கம்பி வெளியே வரும் சின்ன முனை. 0.9 என்று குத்தியிருந்தால் ஹட்டன் உயரத்துக்கு 0.8 போடுங்கள். நுவரெலியாவில் அதுவும் மஞ்சளாக எரிந்தால் 0.6. குத்தியிருக்கும் எண் கம்பியின் அளவு, துளை அதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றுத் தட்டை முழுக்கத் திறந்து வைத்து, அரை பார் அழுத்தத்தில் பற்றவைத்துப் பாருங்கள். உலைவாயில் நாலு விரல் நீளத்துக்கு நீலம் கலந்த நாக்கு இருந்தால் சரி. நாக்கே இல்லாமல் இரைந்தால் காற்று கூடிவிட்டது, இரும்பில் செதில் தடிப்பாக உரியும். தட்டைக் கொஞ்சம் மூடலாம்.

1,500 மீற்றருக்கு மேலே இருப்பவர் விசிறி வைத்த பர்னருக்கே போவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். காற்று மெலிந்தால் விசிறியைக் கூட்டினால் தீர்ந்தது. ஒரு நிபந்தனை உண்டு. கரண்ட் போனால் விசிறி நிற்கும், காஸ் நிற்காது. கரண்ட் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் சொலனொயிட் வால்வு குழாயில் இல்லாமல் அந்த வகையைத் தொடவே கூடாது.

கூட வரும் ரெகுலேட்டரை ஒதுக்கிவிடலாம். அதன் வாய் நம் சிலிண்டர் வால்வுக்குப் பொருந்தாது. இடையில் ஏதாவது பொருத்தி ஒப்பேற்றும் வேலை காஸில் வேண்டாம். வீட்டு அடுப்பு ரெகுலேட்டரும் உதவாது, அதன் அழுத்தம் இந்த ஜெட்டுக்கு எந்த மூலைக்கும் போதாது. ஹோட்டல் அடுப்புக்குப் பூட்டும் ஹை பிரஷர் ரெகுலேட்டர், அளவு காட்டும் மானியோடு வாங்குங்கள். மூட்டுகளைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள்.

குளிர் கொடுக்கும் தொல்லை வேறு. பியூட்டேன் மைனஸ் 0.5 பாகையில்தான் கொதிக்கும். 10 பாகைக் காலையில் அதன் அழுத்தம் ஒரு பாரைத் தொடாது. சிலிண்டரிலிருந்து வேகமாக எடுக்க எடுக்கத் திரவம் இன்னும் குளிரும். புரொப்பேன் முதலில் ஆவியாகிப் போய்விடுவதால் பாதிச் சிலிண்டருக்குப் பிறகு நிலைமை மோசமாகும். அடிப்பாகத்தில் வெண்பனி பூத்து மானி இறங்கினால் சிலிண்டரை ஒரு பேசின் இளஞ்சூட்டு நீரில் நிறுத்துங்கள். 40 பாகைக்கு மேல் வேண்டாம், நெருப்புப் பக்கத்தில் வைக்கும் எண்ணமே வேண்டாம். இரண்டு 12.5 கிலோ சிலிண்டர்களை இணைத்து எடுப்பது இதைவிடச் சுத்தமான தீர்வு. அரை பாரில் மணிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போகும். ஒரு சிலிண்டர் 12 முதல் 16 மணித்தியாலம் என்று கணக்குப் போடுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயக் காம்பராவுக்குள் இதை எரிக்கக் கூடாது. மூடிய இஸ்தோப்பும் அப்படித்தான். உலை எப்படி எரிந்தாலும் காபன் மொனொக்சைட் வரும், மஞ்சளாக எரிந்தால் இன்னும் கூட. தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு, அவ்வளவே போதும். காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே வழிந்தோடும். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய வீடுகளில் அது போய்த் தேங்குவது கீழ்ப்படி வீட்டுக் கானிலோ குசினி வாசலிலோதான். சிலிண்டரைச் சரிவு விளிம்பில் நிறுத்தாதீர்கள்.

இத்தனையும் செய்தபிறகு உலை எப்படி? நன்றாகவே இருக்கிறது. பத்து நிமிடத்தில் உட்சுவர் செம்மஞ்சளாகும், 6 மில்லிமீற்றர் பட்டை நாலைந்து நிமிடத்தில் அடிக்கும் பதத்துக்கு வரும். லொறி ஸ்பிரிங் பட்டை நம் ஊரில் கைக்கெட்டும் உருக்கு, பெரும்பாலும் 5160 அல்லது அதன் யப்பானிய உறவான எஸ்யூபி 9. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், ஒரு துண்டைத் துவைச்சல் போட்டு (பழுக்கச் சுட்டு எண்ணெயில் அமிழ்த்தி) உடைத்துப் பார்த்தபின் மிச்சத்தைத் தொடுங்கள். அடித்து முடித்ததும் 870, 840, 800 என இறங்குமுகமாக மூன்று முறை சுட்டு, காற்றில் ஆறவிடுங்கள். துவைச்சலுக்கு 840 பாகை. காந்தம் ஒட்டாமல் போவது 770இல், அங்கே நிறுத்தினால் அலகு முழுதாகக் கடினமாகாது.

எண்ணெய்க்குப் பலர் தேங்காயெண்ணெயை எடுப்பார்கள். 5160க்கு அது போதுமான வேகம். ஆனால் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவில் காலையில் அது வெண்ணெய்க் கட்டி. ஐந்து லீற்றரை 50 பாகைக்குச் சூடாக்கிக் கலக்கிய பிறகே அலகை இறக்குங்கள். பாத்திரத்துக்கு இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும். டெம்பர் செய்ய, அதாவது துவைத்த அலகை மீண்டும் மெல்லச் சுட்டு நொறுங்கும் குணத்தைக் குறைக்க, சமையல் கத்திக்கு 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், இரண்டு முறை. மரக்கிளையோடு மோதும் கவ்வாத்துக் கத்திக்கு 230. சின்ன மின் அவன் இருபது முப்பது பாகை ஏறி இறங்கும், மணல் தட்டில் அலகைப் புதைத்தால் அந்த ஆட்டம் அடங்கும். சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிளைக் கொதிநீரில் சோதிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவில் கொதிக்கும். 100 காட்டவில்லை என்று மீற்றரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒரு கத்தி அடிக்கிறவருக்கு இந்த உலை தேவையில்லை. பழைய பிரேக் டிரம், கையால் சுற்றும் விசிறி, ஒரு மூட்டை சிரட்டைக்கரி போதும், உயரப் பிரச்சினையும் இல்லை. துருப்பிடிக்காத உருக்கில் கத்தி செய்ய நினைக்கிறவருக்கும் இது சரிவராது. அந்த உருக்கு 1000 பாகைக்கு மேல் நிலையாக நிற்கும் சூட்டைக் கேட்கும், அதற்கு மின்சூளை வேண்டும். வாரா வாரம் லொறிப் பட்டையில் கை வைக்கிறவருக்குத்தான் இந்த உருளை.

வாங்கும்போது இந்த நாலையும் சேர்த்தே வாங்குங்கள்: 0.8, 0.6 டிப்களில் இவ்விரண்டு, கொலாய்டல் சிலிக்கா ஒரு லீற்றர், சிமெந்து, ஹை பிரஷர் ரெகுலேட்டர். பிறகு வாங்கலாம் என்று விட்டவர்களின் உலைதான் பூசாத பஞ்சோடு எரிந்துகொண்டிருக்கிறது.