உப்புவெளியில் அன்ரனா கம்பத்தில் ஏமாந்த கதை: பைப்பை நிறுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கோ வைஃபைக்கோ வீட்டில் கம்பம் நட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டு வேலையைக் கொடுங்கள். கடையின் பெயரை இப்போது எழுதவில்லை, விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது.

எனக்குத் தேவைப்பட்டது 7 மெகாஹேர்ட்ஸ் டைபோலின் (இருபக்கமும் நீளும் கம்பி அன்ரனா) நடுவைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பம், அவ்வளவுதான். 20 அடி ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இரண்டு, கீழே 2 அங்குலம், மேலே ஒன்றரை, மேல் பைப் கீழ் பைப்புக்குள் 3 அடி இறங்க வேண்டும், இரண்டு மட்டத்தில் மும்மூன்று ஸ்டே வயர், அதாவது கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பிகள். வெல்டிங் செய்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஐயா, 2020இல புரெவி அடிச்சபோதும் நான் நட்ட கம்பம் ஒண்டும் அசையேல்ல" என்று சொன்னார். அந்தப் புயல் டிசம்பர் 2 இரவு நமக்கு வடக்கே கரையேறியதை ஊரே பார்த்தது, அதனால் அந்தப் பேச்சு என்னிடம் எடுபட்டது. 90,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "வேலை முடியட்டும்" என்றார்.

நட்டு முடிந்து கம்பம் வெள்ளியாகப் பளபளத்தது. உச்சிக் கப்பிக்கு அளந்து வாங்கிய கயிறு மட்டும் நிலம் வரை எட்டவில்லை. கம்பம் 37 அடிதான் வர வேண்டும், இது 39 அடிக்கு மேல் நின்றது. உயரம் கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன், மீதிக் காசையும் கொடுத்துவிட்டேன். கூடின அந்த இரண்டரை அடி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் முதல் வாடைக் காற்று, புயல்கூட இல்லை, இரவு இரண்டு மணியளவில் பெரிய சத்தம். கம்பம் பக்கத்து வீட்டு முருங்கையை முறித்துக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டு அம்மா விடியற்காலையில் அந்த மரத்தடியில்தான் பாத்திரம் கழுவுவார். மின்சார வயர் மறுபக்கம் இருந்தது, இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விடிந்ததும் இரண்டு பைப்பும் சேரும் பொருத்தைப் பார்த்தேன். 3 அடி இறங்க வேண்டிய பைப் அரை அடிகூட இறங்கவில்லை, சுற்றிவர ஒரு வெல்டிங், அதன் கீழே பழுப்புத் தண்ணீர் வழிந்த கோடு. நகத்தால் சுரண்டினேன், வெள்ளிப் பெயின்ட் தோலாக உரிந்து உள்ளே கறுத்த இரும்பு தெரிந்தது. துத்தநாகப் பூச்சே இல்லை. உண்மையான ஜி.ஐ. பைப்புக்கு வாயின் உட்பக்கமும் பூச்சு இருக்கும், விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். நம் கடல் உப்புக்கு வெறும் இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

பிறகு கீழ்ப் பைப்பைக் கரைவலை வாடியில் மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன். 17 கிலோ சொச்சம். 2 அங்குல பைப், நடுத்தர ரகம், சுவர் 3.6 மில்லிமீட்டர் இருந்தால் 20 அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ வர வேண்டும். எனக்குத் தந்தது 2 மில்லிமீட்டர்தான். நடும் அன்று கூட வந்த பையன் அதை ஒற்றையாய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

ஸ்டே வயரும் அதே லட்சணம்தான். இடம் இல்லை என்று ஒன்றை மதிலிலேயே கட்டியிருக்கிறார், மதில் கல்லோடு பிடுங்கி வந்திருக்கிறது. அதற்கென்று தனியாகக் கிடங்கு வெட்டிக் கொங்கிரீட் போட்டிருக்க வேண்டும், நம் மணல் தரைக்கு ஆழமாகவே வெட்ட வேண்டும். வயரின் நுனியை மடக்கி இறுக்கும் கிளிப்புகளையும் தலைகீழாகப் போட்டிருக்கிறார். கிளிப்பின் யூ வளைவு, வயரின் வெட்டின வால் பக்கம் அமர வேண்டும், கட்டைப் பகுதி பாரம் இழுக்கும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வளைவு பாரம் தாங்கும் வயரையே நசுக்கிவிடும். என்னுடையதில் இரண்டு இழை அப்படித்தான் அறுந்திருந்தது.

போன் எடுத்தேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள், "காத்துக்கு நான் என்ன ஐயா செய்ய?" என்றார். பைப்பின் எடையைச் சொன்னேன், லைனைத் துண்டித்துவிட்டார்.

பில் இல்லாததால் கையில் இருப்பது நட்ட அன்று எடுத்த போட்டோக்களும் இந்தப் பைப்பும்தான். சபை கூப்பிடும் வரைக்கும் அதை வெட்டவோ விற்கவோ மாட்டேன், முற்றத்தில் மதிலோரமாகக் கிடக்கிறது. அதே ஆளிடம் முற்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து பாருங்கள், தராசும் கேட்டு வாங்கித் தருகிறேன்.