கண் வறட்சி: சொட்டு மருந்தா, ஒத்தடமா, அடைப்பானா?

கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவரிடம், "உங்கள் கண் வறண்டிருக்கிறது" என்று அவர் சொன்னால் நம்புவது கடினம். ஆனால் அது பெரும்பாலும் சரியான கூற்றே. கண்ணீர்ப் படலம் வெறும் நீரன்று. விழியை ஒட்டிச் சளித்தன்மையும், அதன்மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெயும் சேர்ந்ததே அது. எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிவிடுகிறது. உலர்ந்த விழிப்பரப்பு உறுத்த, கண்ணீர்ச் சுரப்பி அனிச்சையாக நீரைக் கொட்டுகிறது. அதைப் பிடித்துவைக்க எண்ணெய் இல்லாததால் அது கன்னத்தில் வழிகிறதே தவிர விழியில் தங்குவதில்லை.

ஆகவே சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, நீர் சுரப்பது குறைவா அல்லது சுரந்தது விழியில் தங்குவதில்லையா என்பதே. இரண்டாவது வகைதான் அதிகம். இரண்டும் கலந்திருப்பதும் சாதாரணம். கீழிமையில் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் காத்திருக்கும் ஷிர்மர் சோதனையில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நனைந்தால் சுரப்புக் குறைவு உறுதியாகத் தெரிகிறது. ஃபுளோரசீன் சாயமிட்டுப் பார்க்கும்போது, இமைத்த 10 நொடிக்குள் படலம் உடைந்துவிட்டால் அது நிலையற்றது என்று பொருள். இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் பரிந்துரைக்கப்படும் எந்தச் சிகிச்சையையும் ஊகம் என்றே நான் கருதுவேன்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸோ ஹயலுரோனிக் அமிலமோ கலந்த இவை உடனே இதம் தருகின்றன. அந்த இதம் நெடுநேரம் நீடிப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத சிக்கல் வேறு: பல குப்பிகளில் பதனப்பொருளாகச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி விட்டால் விழிப்பரப்பின் செல்களையே புண்படுத்தக்கூடியது. நாளுக்கு நான்கு முறைக்கு மேல் சொட்டு தேவைப்படுகிறவர் பதனப்பொருள் இல்லாத வகைக்கு மாறுவதே நல்லது. கண் சிவப்பை நீக்குவதாக விற்கப்படும் சொட்டுகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவை இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றனவே ஒழிய ஈரம் தருவதில்லை, நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம்.

ஒத்தடம் எளிமையானது என்பதாலேயே அலட்சியப்படுத்தப்படுகிறது. எண்ணெயைச் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகள் இமை விளிம்பில் வரிசையாக இருக்கின்றன. அவை அடைபடும்போது தெளிந்த எண்ணெய் பற்பசைபோல் கெட்டியாகிவிடுகிறது. அதை இளக்க ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் பத்து நிமிடமளவு நிலைத்திருக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடுவதால், ஒத்தடம் கொடுத்தும் பயனில்லை என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் ஒத்தடம் கொடுக்கவே இல்லை. சூட்டைத் தக்கவைக்கும் கண் பட்டையைப் பயன்படுத்தி, பிறகு விழியை அழுத்தாமல் இமையை விளிம்பு நோக்கி மெல்ல நீவிவிட்டு, இதை நாள்தோறும் சில வாரங்கள் தொடர்ந்தால் மாற்றம் தெரியும். மருத்துவமனையில் கருவி கொண்டு சூடும் அழுத்தமும் தரும் முறை இதே வேலையை ஒரே அமர்வில் செய்கிறது. வீட்டு ஒத்தடத்தை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் அதற்குப் போக வேண்டிய அவசரம் இல்லை.

சைக்ளோஸ்போரின், லிஃபிடெகிராஸ்ட் ஆகிய சொட்டு மருந்துகளின் நோக்கமே வேறு. வறட்சி அழற்சியை வளர்க்க, அழற்சி வறட்சியை மேலும் வளர்க்கிற சுழலை இவை அறுக்கின்றன. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின் சொட்டின் முழுப் பலனைக் காண மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். விடும்போது எரிச்சலும் உண்டு. 2016இல் வந்த லிஃபிடெகிராஸ்ட் சற்று விரைவாகப் பலன் தரக்கூடும், ஆனால் வாயில் விநோதமான சுவையை உண்டாக்கும். ஒரு மாதத்தில் "எரிகிறது, குணமில்லை" என்று கைவிடுகிறவர், மருந்துக்கு வாய்ப்பே கொடுக்காமல் தீர்ப்பு எழுதுகிறார். அந்த இடைக்காலத்தைக் கடக்கச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் ஸ்டீராய்டு சொட்டு தருவதுண்டு. கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும் என்பதால் அதைத் தாமாக நீட்டிக்கவே கூடாது.

கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், சுரப்பே குறைந்தவருக்கு மிகப் பொருத்தமானது. சில நாளிலோ வாரத்திலோ கரைந்துவிடும் கொலாஜன் வகையை வைத்துப் பார்த்துவிட்டு, பயன் தந்தால் சிலிக்கோன் வகைக்குப் போகலாம். ஆனால் அழற்சி தணியாத கண்ணில் துளையை அடைத்தால், அழற்சிப் பொருள்கள் நிறைந்த கண்ணீரையே விழியில் தேக்கி வைத்ததாகும். எனவே வரிசையில் இது அழற்சி மருந்துக்குப் பின்னால் வரவேண்டும்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குக் கிடைத்திருக்கும் புகழ் அதற்குரிய சான்றைவிடப் பெரியது. 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பை நாளுக்கு 3 கிராம் ஓராண்டு உட்கொண்டவர்கள், ஆலிவ் எண்ணெய் உட்கொண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை.

எதைத் தேர்ந்தாலும் தூண்டுகிற காரணம் தொடர்ந்தால் பலன் அரைகுறையாகவே இருக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது, இமைப்பதும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வாமை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவையும் கண்ணை உலர்த்தக்கூடியவை. அவற்றை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டுமேயன்றித் தாமாக நிறுத்தலாகாது. வாயும் வறண்டு மூட்டுகளும் வலித்தால் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான பரிசோதனை தேவை. கடும் வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, திடீர்ப் பார்வைக் குறைவோ இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்முன், உறுத்தல் எந்த நேரத்தில் அதிகம் என்று ஒரு வாரம் குறித்துவைப்பது உதவும். விழித்தவுடன் மோசமாக இருந்தால் இமை விளிம்பு அழற்சியையோ உறக்கத்தில் இமை முழுதும் மூடாமையையோ சந்தேகிக்கலாம். பொழுது ஏற ஏறக் கூடினால் சுரப்புக் குறைவையோ ஆவியாதலையோ முதலில் பார்ப்பார்கள்.