இன்ஸ்புருக்கில் ஒரு கோடை: மலைச்சூழலியல் இன்டர்ன்ஷிப் அனுபவம்

ஜெர்மனியில் எம்.எஸ்சி. சூழலியல் படிக்கிறேன். போன கோடையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஒரு மலைச்சூழலியல் ஆய்வுக்குழுவில் இன்டர்ன்ஷிப் செய்தேன். குழுவின் பெயரை எழுதவில்லை. கீழே ஒரு பணக் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது அந்த ஒரு குழுவோடு நின்றுவிடும் விஷயமில்லை. விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குப் பெயரைவிட வேலை எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம்.

முதல் மூன்று வாரம் மலைப்பக்கமே போகவில்லை. ஜூனில் உயரத்தில் பனி கிடக்கும். அதனால் ஹெர்பேரியம் அறையில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமிக்கும் இடத்தில் உட்கார்ந்து, பூ இல்லாத செடிகளை இலையை மட்டும் வைத்து அடையாளம் காணப் பழகினோம். கரெக்ஸ் குர்வுலா என்ற கோரையின் இலை நுனி பழுப்பாகக் காய்ந்து சுருண்டிருக்கும். சுவிஸ் ஆல்ப்ஸில் இதன் ஒரு புதர்க்கூட்டத்தை மரபணு வழியாக ஆராய்ந்தவர்கள், அதன் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் என்று 1996-இல் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத புல் அது. கூட வந்த இருவருக்கு இந்த மூன்று வாரமும் சலிப்பாக இருந்தது. எனக்கு மொத்தப் பயிற்சியிலும் இதுவே பெரிய வரவு என்று தோன்றுகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலையில் இன்ஸ்புருக்குக்குத் தெற்கே உள்ள ஸ்டூபாய் ஆல்ப்ஸ் மலைகளுக்கு ஏறினோம். வியன்னாவிலிருந்து 2001-இல் தொடங்கி உலகின் பல மலைத்தொடர்களுக்குப் பரவிய, காலநிலை மாற்றத்தால் மலை உச்சிச் செடிகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் 'குளோரியா' கண்காணிப்பு முறையைத்தான் எங்கள் குழுவும் பின்பற்றுகிறது. சிகர உச்சியிலிருந்து ஐந்து மீட்டர் கீழே, நான்கு திசையிலும் மூன்றுக்கு மூன்று மீட்டர் கட்டம் ஒன்று. அதன் நான்கு மூலைச் சதுரங்களில் மட்டும் கணக்கெடுக்க வேண்டும். நாம் கால் வைக்கும் இடம் எப்படியும் மிதிபடும் என்பதால் மற்ற ஐந்து சதுரங்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு சிகரத்துக்குப் பதினாறு சதுர மீட்டர். கேட்பதற்குக் கைக்குட்டை அளவுதான், ஆனால் ஒரு சதுரத்துக்கே சில சமயம் இரண்டு மணி நேரம் ஆனது.

ஒவ்வொரு இனமும் எத்தனை சதவீத நிலத்தை மூடியிருக்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் ஒரு சதவீதம். ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் 0.01. சுண்டுவிரல் நகத்தளவுச் செடியும் தாளில் ஓர் எண்ணாக ஏற வேண்டும்.

இரண்டாவது சிகரத்தின் வடக்குப் பக்கத்தில் நடந்தது இது. எங்கள் கணக்கு முடிந்த பிறகுதான் பழைய கணக்கெடுப்பின் பட்டியலைக் காட்டுவார்கள். அதில் இருந்த ரனன்குலஸ் கிளேசியாலிஸ் எங்கள் தாளில் இல்லை. பனியாறுகளை ஒட்டி வளரும் வெள்ளைப் பூச்செடி அது, பூ முதிர்ந்தால் இளஞ்சிவப்பாக மாறும். "போய்விட்டது, பூஜ்யம் போடலாமா?" என்று கேட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் பென்சிலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "இருக்கிறது என்று எழுத ஒரு முறை பார்த்தால் போதும். இல்லை என்று எழுத மூன்று முறை பார்க்க வேண்டும்" என்றார். மேகம் திரண்டுகொண்டிருந்தது, விரல் மரத்துவிட்டது. இருந்தும் மறுபடி மண்டியிட்டோம். மூன்றாவது சுற்றில், பாசி போல அடர்ந்து மெத்தையாகப் படரும் சாக்ஸிஃப்ராகா என்ற சிறு செடியின் ஓரத்தில், கல்லுக்கு அடியில் தடித்த இரண்டு இலைகள். பூ இல்லை, மொட்டும் இல்லை. ஹெர்பேரியத்தில் இலையைப் படித்திராவிட்டால் அதைக் கண்டிருக்கவே முடியாது.

அந்த 'இல்லை' ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே சான்று இருந்தது. 3,497 மீட்டர் உயரமுள்ள ஷ்ராங்கோகெல் மலையில் 1994-இல் குறித்த சதுரங்களை 2004-இல் மறுபடி பார்த்தார்கள். கீழேயிருந்த புல்வெளி இனங்கள் பெருகியிருந்தன. உச்சிக் குளிருக்கே உரிய இனங்கள் சுருங்கியிருந்தன, கிளேசியாலிஸும் அவற்றில் ஒன்று. இந்த முடிவெல்லாம் யாரோ மண்டியிட்டு எழுதிய எண்களின் மேல்தான் நிற்கிறது. என் அவசரத்தில் ஒரு பூஜ்யம் விழுந்திருந்தால், அடுத்த முறை வருகிறவர்கள் அந்தச் செடியைப் புதிதாகக் குடியேறியதாகக் கொண்டிருப்பார்கள். கோத்தகிரியில் வளர்ந்தவள் நான், நீலகிரிப் புல்வெளியிலும் சதுரச் சட்டகம் வைத்துச் செடிகளை எண்ணியிருக்கிறேன். இந்தக் கண்டிப்போடு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இனி குறை. மலைவிடுதிக் கட்டணத்தையும் பஸ் டிக்கெட்டையும் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். ரசீது கொடுத்து ஏழு வாரம் கழித்துத்தான் பணம் வந்தது. வீட்டில் கேட்டால் அனுப்பும் வசதியுள்ளவர்களுக்கு இது சிரமமில்லை. எனக்கு ஆகஸ்ட் வாடகைக்கு அறைத்தோழி கடன் கொடுத்தாள். சம்பளம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸின் உதவித்தொகை இருந்ததால்தான் போகவே முடிந்தது, அதுவும் வாடகைக்கே பெரும்பகுதி போய்விட்டது. மாணவர்களின் உழைப்பில் நடக்கும் ஆய்வு அவர்களைக் கடனில் தள்ளக்கூடாது. இதை நேரிலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். முன்பணம் உண்டா, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எராஸ்மஸ் பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் வேண்டும். மலையேறும் முன் ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். விடுதிப் படுக்கை மலிவாகக் கிடைக்கும், மீட்புச் செலவுக்குக் காப்பீடும் அதிலேயே அடங்கும். மலை மீட்புக்கு எண் 140. சைவம் சாப்பிடுகிறவர்கள் பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் போன்ற கேஸ்ஷ்பெட்ஸ்லேயிலேயே காலம் தள்ள வேண்டியிருக்கும். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய் இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிட்டது, பாதிக்கு மேல் மேற்பார்வையாளர் சாப்பிட்டார்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று அந்த ஏழு வாரத்துக்கு.