சூரிய, காற்றுச் சக்திப் “பட்டம்” என்று பணம் கட்டுவதற்கு முன்: யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது

உயர்தரப் பெறுபேறு வெளியான கையோடு “18 மாதங்களில் சூரிய, காற்றுச் சக்திப் பொறியியலில் விஞ்ஞானமாணிப் பட்டம்” என்ற விளம்பரம் முகநூலிலும் தனியார் கல்வி நிலையங்களின் மதில்களிலும் தென்படத் தொடங்கும். அப்படியான ஒரு விளம்பரத்தைப் பார்த்து என் தம்பி சேர்ந்த நிறுவனம், பட்டம் வழங்கும் அதிகாரம் எதுவும் இல்லாமலே பட்டப்படிப்புக்குரிய கட்டணத்தை எங்களிடம் வாங்கியது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறையை வேறு யாரும் வேறு பெயரில் கையாளலாம் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

தம்பி கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தான். பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மட்டும் எட்டவில்லை. பளைப் பக்கம் சுழலும் காற்றாலைகளையும், எழுவைதீவில் சூரிய ஒளியையும் காற்றையும் டீசலையும் இணைத்து மின்சாரம் கொடுப்பதையும், மன்னாரில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற்று மின்நிலையம் எழுந்ததையும் பார்த்து வளர்ந்த பிள்ளை இந்தத் துறையை விரும்பியதில் வியப்பில்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பணமும் அம்மாவின் நகை அடகுவைத்த பணமும் முதற் தவணைக் கட்டணமாயின.

சேரும் நாளில் எங்களுக்கு மூன்று ஆவணங்களைக் காட்டினார்கள். மூன்றும் உண்மையானவை, அங்கேதான் இந்த மோசடியின் சாமர்த்தியம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்த முதலாவது ஆவணம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பெற்ற கம்பனிப் பதிவு. “அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்” என்று அவர்கள் சொன்னது இதைத்தான். பலசரக்குக் கம்பனி நடத்துபவரும் இதே பதிவைத்தான் பெறுகிறார். இரண்டாவது, மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. அதுவும் போலியல்ல, ஆனால் அவர்கள் நடத்தும் மின் இணைப்பாளர் பயிற்சிக்காகப் பெறப்பட்டது. தேசிய தொழில் தகைமையில் பட்டத்துக்குச் சமமான மட்டம் 7 ஆகும். மின் இணைப்பாளர் சான்றிதழுக்கும் அதற்கும் இடையே நெடுந்தூரம். மேலும், அந்த ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவு செய்வது ஒன்று, அங்கே நடக்கும் ஒவ்வொரு பாடநெறிக்கும் தரச்சான்று பெறுவது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாக நினைக்க வைத்தார்கள்.

மூன்றாவது, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கடிதத்தலைப்பில் வந்த கடிதம். பல்கலைக்கழக இலச்சினையும் கையொப்பமும் பளிச்சென்று தெரியும்படி வைத்து, கடிதத்தின் நடுப்பகுதியை விரலால் வேகமாகக் கடந்து காட்டினார்கள். பிரதி கேட்டபோது தரவில்லை. பின்னர் தம்பி கைப்பேசியில் படமெடுத்து வந்ததை ஆறுதலாக வாசித்தேன். பாடநெறியை முடிக்கும் மாணவர்களின் விண்ணப்பங்களை, தங்கள் நாட்டில் முழுக் கட்டணம் செலுத்தி முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ சேர்வதற்காகப் “பரிசீலிப்போம்” என்றுதான் அதில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பட்டம் வழங்குவோம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். இலங்கையில் தாங்கள் எந்தப் பட்டத்தையும் நடத்தவில்லை என்றும், அந்தக் கடிதத்தின் காலம் முடிந்துவிட்டது என்றும் பணிவாகப் பதில் அனுப்பினார்கள்.

பெற்றோர் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டிருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயரோடு எந்தப் பட்டம் என்பதும் குறிக்கப்படும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. அந்த ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்டால் பதில் கிடைக்கும். பொறியியலாளர் என்ற பெயரில் தொழில் செய்வதற்கோ 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிவு வேண்டும். அங்கீகாரமில்லாத காகிதத்தோடு அந்த வாசலுக்குப் போக முடியாது.

18 மாதங்கள் என்ற காலமே சந்தேகப்பட வைக்க வேண்டிய ஒன்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு சாதாரண பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகளும் சிறப்புப் பட்டத்துக்கு 120 புள்ளிகளும் வேண்டும். ஒரு புள்ளி என்பது சொந்தப் படிப்பையும் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றல். அப்படியானால் மிகக் குறைந்த பட்டத்துக்கே 4500 மணித்தியாலங்கள் ஆகின்றன. தம்பிக்கு வகுப்பு நடந்தது சனியும் ஞாயிறும் காலையில் மூன்று மணித்தியாலம் வீதம். 18 மாதங்களையும் கூட்டினாலும் 500 மணித்தியாலம் வராது. மீதியை வீட்டில் படிப்பதற்கு நூலகமும் இல்லை, ஒப்படைகளும் இல்லை.

நான் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிப்பவள் என்பதால், அவர்கள் கற்பித்ததைப் பார்த்தபோதுதான் அதிகம் வேதனைப்பட்டேன். ஆய்வுகூடம் என்று சொன்னது கட்டடத்தின் மொட்டைமாடி. அங்கே ஒரேயொரு சோலர் பனல், பக்கத்து வளவு மாமரத்தின் நிழல் காலையில் அதன் பாதியை மூடும்படி, 35 பாகை சாய்வில் நிறுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. இங்கே பனலைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்த்தால் போதும். 35 பாகை என்பது எங்களைவிட மிக வடக்கே இருக்கும் நாடுகளுக்குரிய சாய்வு. யாரோ அந்நாடுகளுக்காகத் தயாரித்த பாடத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். மல்ரிமீற்றரால் பனலின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ற்றளவை ஒருமுறை அளந்ததோடு செயன்முறை முடிந்தது. சுமையை மாற்றி மாற்றி மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, வளையியை வரைந்து, எந்தப் புள்ளியில் உச்ச வலு கிடைக்கிறது என்று மாணவன் தன் கையால் கண்டறிய வேண்டும். அது தெரியாதவனுக்கு இன்வேட்டர் பகல் முழுவதும் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது ஒருபோதும் விளங்காது.

பனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வலு அளவு, கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்கும்போது, சதுர மீற்றருக்கு 1000 வாற்று ஒளியில் அளந்தது. எங்கள் நண்பகல் வெயிலில் கூரைமேல் கலம் 60 பாகைக்குச் சூடாகலாம். சிலிக்கன் பனல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.4 வீதம் வலுவை இழக்கிறது என்று கொண்டால், 400 வாற்றுப் பனல் 344 வாற்றுக்கு இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் வேலை செய்யப்போகும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிய கணக்கு இது. தம்பியின் கொப்பி முழுவதும் தேடியும் எனக்கு இது கிடைக்கவில்லை.

காற்றுப் பாடம் இதைவிட மோசம். காற்றாலையின் வினைத்திறன் 75 வீதம் வரை போகும் என்று ஒரு பவர்பொயின்ற் பக்கத்தில் இருந்தது. வீசும் காற்றின் சக்தியில் 27இல் 16 பங்குக்கு மேல், அதாவது 59.3 வீதத்துக்கு மேல், எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்பது ஜேர்மனியப் பௌதிகவியலாளர் அல்பேட் பெற்ஸ் நிறுவிய எல்லை. காற்றுச் சக்தியைக் கற்பிக்கும் எவரும் தொடங்கும் இடமே அது. முழுச் சக்தியையும் எடுத்துவிட்டால் காற்று சுழலிக்குப் பின்னால் நின்றுவிடும், பின்வரும் காற்றுக்கு வழி இருக்காது என்று இரண்டே வசனத்தில் விளக்கலாம். தம்பி இதை விரிவுரையாளரிடம் கேட்டபோது, “புதிய மொடல்களில் கூடும்” என்று பதில் கிடைத்ததாம்.

காற்றின் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. செக்கனுக்கு 5 மீற்றரிலிருந்து 6 மீற்றருக்கு வேகம் கூடினால் வலு 1.73 மடங்காகிறது. ஆகவே சோளகம் அடிக்கும் மாதங்களில் மட்டும் அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட முடியாது. வாடைக் காலத்தையும் இடையில் காற்று ஓயும் நாட்களையும் சேர்த்துக் குறைந்தது ஓராண்டுக்காவது உயரமான கம்பத்தில் வேகமானி பொருத்தி அளக்க வேண்டும். இந்த நிறுவனத்தில் வேகமானியே இல்லை. மேசை விசிறியின் முன் ஒரு சிறு விளையாட்டுக் காற்றாடியை வைத்து மின்குமிழ் எரியக் காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு போய்ப் பணிப்பாளரைச் சந்தித்தேன். “ரீச்சர், தம்பி முதலில் பாடநெறியை முடிக்கட்டும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பணத்தைக் கேட்டபோது, எக்காரணம் கொண்டும் கட்டணம் மீளளிக்கப்படாது என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார். அப்போதுதான் பற்றுச்சீட்டுகளைக் கவனித்தேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த “பட்டம்” என்ற சொல் எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை. எல்லாவற்றிலும் “பயிற்சிச் சேவைக் கட்டணம்” என்றே அச்சிட்டிருந்தது. பணம் கட்டும் எவரும் பாடநெறியின் முழுப்பெயரையும் பட்டம் வழங்கும் நிறுவனத்தின் பெயரையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுப்பார்களானால் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள். தம்பியின் பிறப்புச் சான்றிதழையும் உயர்தரச் சான்றிதழையும் மூலப்பிரதியாகவே வாங்கி வைத்திருந்தார்கள்; பொலிஸில் முறைப்பாடு செய்த பிறகுதான் அவை திரும்பக் கிடைத்தன. மூலப்பிரதியைக் காட்டினால் போதும், எவரிடமும் விட்டுவிட்டு வரத் தேவையில்லை.

இத்துறையைப் படிக்க யாழ்ப்பாணத்தாருக்கு நேரான வழிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. பௌதிகவியற் துறையில் சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டம் உண்டு, அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இயங்குகிறது. தொழில் தகைமை வழியாகப் போக விரும்புவோர் தொழில்நுட்பக் கல்லூரியிலோ அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ தொடங்கி மட்டம் மட்டமாக ஏறலாம். காலம் கூட எடுக்கும், ஆனால் கையில் கிடைக்கும் சான்றிதழ் செல்லுபடியாகும். தம்பி இப்போது திறந்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிலும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலும் முறைப்பாடு கொடுத்தோம். பணத்துக்கான பிணக்கு மத்தியஸ்த சபையில் இருக்கிறது. கடைசித் தவணையை மட்டும் திருப்பித் தந்திருக்கிறார்கள். மீதிக்கு இன்னும் பதில் இல்லை. தம்பியோடு படித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர், பெயர் கெடும் என்று அஞ்சிப் பேசாமல் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் முறையிட்டால் அதைத் தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறார்கள். ஆகவே “பயிற்சிச் சேவைக் கட்டணம்” என்று அச்சிட்ட பற்றுச்சீட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால், விளம்பரத்தின் படத்தையும் ஒப்பந்தத்தின் பிரதியையும் அதோடு சேர்த்து, உங்கள் சொந்தப் பெயரில் தனியாக ஒரு முறைப்பாட்டைக் கொடுங்கள்.