பிஜியா, கோ-லிவிங்கா, வேனா? பெங்களூரில் ஓரிடத்தில் தங்காதவர்களுக்கு ஓர் அலசல்

வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் வந்தால் போதும், அல்லது வரவே வேண்டாம் என்று சொல்லப்பட்ட தமிழர்கள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு மாதம் இங்கே, ஒரு மாதம் ஊரில், பிறகு ஏற்காடு என்று மடிக்கணினியும் ஒரு பெட்டியுமாக நகர்பவர்களுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வாடகை வீடு பொருந்தாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே போட்டி பிஜி (சாப்பாட்டோடு கட்டிலை மாத வாடகைக்கு விடும் ‘பேயிங் கெஸ்ட்’ விடுதி), கோ-லிவிங் (நிறுவனங்கள் நடத்தும், பொது வசதிகள் கொண்ட பகிர்வுத் தங்குமிடம்), படுக்கை வசதி செய்த வேன் ஆகிய மூன்றுக்குள்தான். மாதச் செலவை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம், தண்ணீர், இணையம், முகவரி ஆகிய நான்கையும் எது யார் தலையில் கட்டுகிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

கட்டடக் கலையில் இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் எழுந்த நகாகின் கேப்ஸ்யூல் கட்டடத்தில், இரண்டு கான்கிரீட் தண்டுகளில் 140 பெட்டி அறைகள் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர்: ஒரு கட்டில், மடக்கு மேசை, சின்னக் குளியலறை, வட்டமான ஒரே சன்னல். 25 ஆண்டுக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் திட்டம். ஆனால் கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளவற்றையும் எடுக்க வேண்டியிருந்ததால், ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கடைசி ஆண்டுகளில் வெந்நீரும் நின்றுபோய், 2022-இல் கட்டடமே பிரிக்கப்பட்டது.

இப்போது பிஜிக்கு வருவோம். ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடமும் நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீரும் தர வேண்டும் என்கிறது பெங்களூரு மாநகராட்சி 2024-இல் பிஜிகளுக்கு வகுத்த விதி. 70 சதுர அடி என்பது ஆறரை சதுர மீட்டர். அந்த டோக்கியோ பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான். மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கம் மூன்று பேர் தங்கும் அறையில் மூன்று கட்டிலும் மூன்று இரும்பு அலமாரியும் இருக்கும், மேசை இருக்காது. பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வைஃபை ரவுட்டர் வராந்தாவின் கூரையோரம் தொங்குவதால், கதவைச் சாத்தினால் சிக்னல் பாதியாகிவிடும். காலை பத்து மணிக்கு மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்து மீட்டிங் பேசுபவர்களைப் பார்த்தால், இணைய வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தூங்குவதற்கு மட்டும் என்று பிரித்த அறையை அலுவலகமாக்கியதுதான் கோளாறு என்பது புரியும்.

ஆனாலும் பிஜியின் பலம் பெரிது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது டேங்கரைத் தேடி அலைந்தது ஓனர்தான், தங்கியிருந்தவர் அல்ல. ஒரு மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவுக்கு நடந்துபோய் ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம். சாப்பாடு பெரும்பாலும் ஆந்திரக் காரம். சாம்பாரில் வெல்லம் போடும் ஊரில் அதுவும் நமக்கு ஓர் ஆறுதலே.

கோ-லிவிங் என்பது இதே ஏற்பாட்டுக்கு நல்ல பெயின்ட் அடித்து, செயலியில் திறக்கும் கதவு வைத்தது என்று கேலி செய்வதுண்டு. பாதி உண்மை. அந்தத் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி வாடகை வசூலுக்கும் புகார்ப் பதிவுக்கும் பயன்படுகிறதே தவிர, குழாயைச் சரிசெய்ய அதே பிளம்பர்தான் வர வேண்டும். ஆனால் அறைக்குள் ஒரு மேசை, கீழ்த்தளத்தில் வேலை செய்ய ஒரு கூடம் என்று கட்டடத்திலேயே வேலைக்கு இடம் ஒதுக்கியிருக்கும் இடங்களில் கூடுதல் வாடகை நியாயமானதே. ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம், அதாவது இடையில் காலி செய்தால் பணம் பிடிக்கும் காலம், எத்தனை மாதம் என்று முதலில் பார்க்க வேண்டும். வரியையும் கவனிக்க வேண்டும்: 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, ஒருவருக்கு வாடகை மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால்தான் ஜிஎஸ்டியிலிருந்து விலக்கு. அடிக்கடி இடம் மாறுபவருக்கு அந்த 90 நாள் உறுத்தும்.

வேனுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் மின்சாரக் கணக்கில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறார்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஏறக்குறைய இரண்டரை யூனிட் தாங்கும். மடிக்கணினியும் மோடமும் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் வெயில் நாளில் அதை மீட்டுவிடலாம். இண்டக்ஷன் அடுப்பு வைத்தால் மட்டும் கணக்கு கவிழும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் ஏசி இல்லாமல் தூங்கலாம் என்பதும் வேனுக்குச் சாதகம். சென்னையில் அதே தகரக் கூட்டுக்குள் மே மாதம் படுக்க முடியாது. சிக்கல் தண்ணீரில் தொடங்குகிறது. நூறு லிட்டர் தொட்டி என்பது மாநகராட்சி ஒரு பிஜிவாசிக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவுகூட இல்லை. கழிவுநீரை விட இடம் வேண்டும், இரவில் யாரும் கதவைத் தட்டாத பார்க்கிங் வேண்டும்.

அதற்குமேல் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க விடாது. 47-ஆம் பிரிவின்படி தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். மாநிலம் மாறினாலும் செல்லும் பிஎச் (பாரத்) பதிவெண் வரிசை 2021-இல் வந்தது; அது அரசு ஊழியருக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனத்தின் ஊழியருக்கும் மட்டுமே. சுதந்திரமாகத் தொழில் செய்பவர், அதாவது உண்மையில் நாடோடியாக இருக்கக்கூடியவர், அதில் வர மாட்டார்.

முகவரி விஷயத்தில் மூன்றுமே பலவீனம்தான். வாக்காளர் பட்டியல் வழக்கமாக வசிக்கும் இடத்தைக் கேட்கிறது. முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் ஐந்து கிலோ சிலிண்டர் போன்ற சலுகைகள் குறைவு. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்து, கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, வேலை முடிந்ததும் அதைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம் போகும் தொழிலாளர்கள் இதை நெடுங்காலமாகச் சமாளித்து வருகிறார்கள். எங்கிருந்தாலும் ரேஷன் வாங்கும் திட்டம் அவர்களுக்காக வந்ததே தவிர, மடிக்கணினிக்காரர்களுக்காக அல்ல.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவருக்கு, மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் தனி அறை பிஜிதான் என் தேர்வு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறந்தபின் எலக்ட்ரானிக் சிட்டி பக்கமும் இது எளிதாகிவிட்டது. அதற்குக் குறைவாகத் தங்குபவர் வரியோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக் கோ-லிவிங் எடுக்கலாம். வேன் வாங்குவதைவிட, மலைக்குப் போகும் வாரங்களுக்கு வாடகைக்கு எடுப்பதே போதும். அறை பார்க்கப் போகும்போது மின்தடை நேரமாகப் பார்த்துப் போங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்பதை வராந்தாவில் நின்று நீங்களே பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.