படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் களிம்பு: நான்கு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

இடுப்பில் படர்தாமரை வந்தபோது, தோல் மருத்துவர் எழுதித் தந்த 1 சதவீதக் குளோட்ரிமசோல் களிம்பை நான்கு வாரங்கள் பயன்படுத்தினேன். பூஞ்சையின் செல் சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. கழுவி, ஈரம் போகத் துடைத்த தோலில், நாளுக்கு இருமுறை, வட்டமான தடிப்பின் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வரை மெல்லியதாகத் தடவினேன். ஐந்தாம் நாளே அரிப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கட்டத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள், ஏனெனில் தடிப்பு மறைந்த பின்னும் இரண்டு வாரங்கள் தொடர்ந்து பூசாவிட்டால் எஞ்சிய பூஞ்சை மீண்டும் படரக்கூடும்.

இதற்கு முன் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய களிம்பில் குளோபெட்டசோல் என்னும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் மறைத்துவிட்டு, தொற்றைப் பரவவிட்டது. அத்தகைய கலவையை நெடுநாள் பூசினால் தோலும் மெலிந்துவிடும். குழாயின் மேல் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

குளோட்ரிமசோலின் விலை குறைவு. எனக்கு எரிச்சலும் இல்லை. தலையிலோ நகத்திலோ வரும் பூஞ்சைக்கு மட்டும் இக்களிம்பு பெரும்பாலும் போதாது. அதற்கு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.